பனி, சரிவு, சிக்கி: சமவெளியிலிருந்து சில குறிப்புகள்

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சின் பனியாற்றின் சோனம் காவல்சாவடியில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்துபோனார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. மூன்று பேர் கர்நாடகம். கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆளுக்கொருவர். அதற்குப் பிறகு ஒரு வாரம் நம்முடைய பத்திரிகைகளில், தொலைக்காட்சிகளில், தெருமுனை பேனர்களில் ஒரே சொற்றொடர்தான்: பனிச்சரிவில் சிக்கி வீரமரணம். இந்தச் சொற்றொடரைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம். பிரிக்க வேண்டுமானால் பனி எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும். இயற்பியலை விஞ்ஞானக் கட்டுரையாளர்களிடம் விட்டுவிட்டு அதிகாரத்தைப் பற்றி மட்டும் பேசுவது நம் பக்கங்களின் பழக்கம். அந்தப் பழக்கம் இந்த விஷயத்தில் உதவாது. பனி தெரியாமல் ‘ஏன் அங்கே?’ என்ற கேள்வியைச் சரியாகக் கேட்கவே முடியாது.

முதலில் பனி. செங்கல்பட்டுப் பக்கம் மார்கழி விடியலில் ‘பனி கொட்டுது, தலையில துணியப் போட்டுக்க’ என்று சொன்னால் அது கூரை ஓலையை நனைக்கும் ஈரம். முன்பனி, பின்பனி என்று காலத்தையே அதன் பேரால் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அதே சொல்தான் மூடுபனிக்கும், ஊட்டியில் புல்லின்மேல் உறைவதற்கும், இமயத்தில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதற்கும். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் எழுத்தில் வெண்பனி என்று பிரித்துக்கொண்டார்கள்; பேச்சில் ‘ஸ்னோ கொட்டுது’ என்றுதான். அவர்களுக்கு அது வாசலில் சவலால் வாரித் தள்ள வேண்டிய பொருள், ஆகவே சொல் தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படவில்லை. பனி என்ற சொல் நம் காதில் மென்மையாகவே விழுகிறது. அந்த மென்மை செய்தியிலும் ஏறிக்கொள்கிறது.

இரண்டாவது, சரிவு. தமிழில் இது இடத்தையும் குறிக்கும், நிகழ்வையும் குறிக்கும். மலையின் சாய்ந்த பக்கமும் சரிவு, அது இறங்கி வருவதும் சரிவு. மொழிக்குள்ளேயே சரிவு எப்போதும் சரிந்துகொண்டிருக்கிறது. சரிவு இருந்தால் சரியத்தானே செய்யும் என்பது போல. ஆனால் மலையில் அப்படி இல்லை. பெரும்பாலான சரிவுகள் பெரும்பாலான நாட்களில் சும்மா நிற்கின்றன. ஏன் நிற்கின்றன, எப்போது நிற்பதை நிறுத்துகின்றன என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

மூன்றாவது சொல்லான ‘சிக்கி’க்குப் பிறகு வருகிறேன்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரை போயிருப்பவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தியிலிருந்து வாரிய உப்பை வரப்பின்மேல் அம்பாரமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். வடநாட்டுப் பனிமலைப் படம் பார்த்த குழந்தைகள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுக் கத்துவதுண்டு. அந்தக் குழந்தைகள் சொல்வது அவ்வளவு தப்பில்லை. புதிதாகக் கொட்டிய உப்பு எவ்வளவு கொட்டினாலும் ஒரு குறிப்பிட்ட சாய்வுக்குமேல் நிற்காது, 30 சொச்சம் பாகையில் தானாகவே வழிந்து அடியை அகலமாக்கிக்கொள்ளும். காய்ந்த ஆற்றுமணலும் அப்படித்தான். கோர்வையில்லாத புதுப்பனியும் ஒரு புள்ளியில் கிளம்பி விசிறிபோல விரிந்து இப்படி வழியும். இது பொதுவாகச் சின்ன ஆபத்து.

பெரிய ஆபத்து வேறு. அதே உப்பு அம்பாரத்தின்மேல் ஒரு தூறல் பட்டு, மறுநாள் வெயில் அடித்தால் மேல்தோல் இறுகி ஓடாகிவிடும். உள்ளே பழையபடி குருணை. இப்போது அந்த ஓட்டின்மேல் ஏறி நிற்கலாம். அம்பாரம் முன்னைவிட உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே இருக்கும் குருணையை யாராவது கீழிருந்து கொஞ்சம் வாரினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடு ஒரே பாளமாக உடைந்து இறங்கும். மலையில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பாளப் பனிச்சரிவுதான்.

ஒரு குளிர்காலம் முழுக்கப் பெய்து கிடக்கும் பனி ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கு. இடையில் அடித்த வெயில் ஒரு பொருக்கு. தெளிந்த குளிர்ந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகுபோல வளரும் படிகங்கள் இன்னொரு அடுக்கு; பார்க்க அவ்வளவு அழகு, அதன்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் அதைவிட மோசமான அஸ்திவாரம் கிடையாது. பனியை ஆராய்கிறவர்கள் குழி வெட்டி அதன் சுவரில் இந்த அடுக்குகளைத் தடவித் தடவி வாசிக்கிறார்கள். பிரதி, வாசிப்பு என்றெல்லாம் நாம் அடிக்கடி போடும் சொற்கள் இங்கே நேரடியான அர்த்தத்திலேயே பொருந்துகின்றன. ஒரு வித்தியாசம், இந்தப் பிரதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும்.

மாறுவது இப்படி. தரையையொட்டிய பனி சுமார் பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20. இடையில் ஒரு மீட்டர் பனி. கீழிருந்து மேலே போகப்போக வெப்பநிலை மீட்டருக்கு 10 டிகிரிக்குமேல் மாறினால் கீழ்ப்பனி ஆவியாகி மேலேறி வேறு படிகமாகப் படியும். அப்படிப் படிவது பட்டை தீட்டிய, ஒன்றையொன்று பற்றாத, கையில் அள்ளினால் சர்க்கரைபோல ஒழுகும் குருணை. பனி எவ்வளவு மெல்லிசாகக் கிடக்கிறதோ, குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். ஆகவே பனி குறைவாகப் பெய்த வருஷம் ஆபத்தும் குறைவு என்ற சமவெளிக் கணக்கு பல சமயம் தலைகீழ். மெல்லிய பழம்பனி சர்க்கரையாகிக் கிடக்கும்போது ஜனவரி கடைசியில் ஒரு பெரும்புயல் வந்து அதன்மேல் கனத்த பாளத்தைப் போட்டுவிட்டுப் போனால் போதும்.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில், தான் படாத பக்கத்தில், கொண்டுபோய் அடைக்கும். வானத்திலிருந்து விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் அடைக்கும். மழையே இல்லாத நீல வானத்தின் கீழ் ஒரு சரிவில் சுமை ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் கோணம். 25 பாகைக்குக் கீழே பாளம் அபூர்வமாகத்தான் சரியும். 50க்கும் மேலே பனி தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30க்கும் 45க்கும் இடையில்தான் பெரும்பாலானவை. 38ஐ ஒட்டி அதிகம். மனுஷன் ஏறத் தோதான, சறுக்க ஆசைப்படுகிற, கூடாரம் போடலாமா என்று யோசிக்கிற சரிவுகள் இதே வரம்பில்தான் இருக்கின்றன அல்லது இவற்றின் கீழே இருக்கின்றன. நலிந்த அடுக்கு ஓரிடத்தில் உடைந்தால் அந்த உடைவு அடுக்கின் ஊடாகவே ஓடும். ஆகவே சரிவின் அடியில் சமதரையில் நிற்பவன் மிதித்த மிதியில்கூட மேலே பாளம் அறுந்துகொள்ளலாம். அதற்குமுன் பல சமயம் காலடியில் ‘வும்’ என்று ஓர் அமுங்கல் சத்தம். மலைக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு மேல் எந்த விளக்கமும் கேட்பதில்லை. திரும்பிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பந்து நினைவுக்கு வராமல் இருக்காது. சுமார் 250 டன் எடையில் ஒரு பாறை, வழுக்குச் சரிவின்மேல், நான்கடிகூட இல்லாத அடிப்பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அசையவில்லையாம். பாறைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பிடிமானம் நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறது, அதனால் நிற்கிறது. பனிப்பாளத்துக்கும் அதன் படுக்கைக்கும் நடுவே உள்ள பிடிமானம் நேற்று இருந்ததுபோல இன்று இல்லை. நேற்று நடந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது பந்துக்குப் பொருந்தும் வாதம், பனிக்குப் பொருந்தாது.

*

கோட்பாட்டில் ஈடுபாடுள்ள நண்பர்கள் இந்த இடத்தில் மணற்குவியல் மாதிரியை இழுத்துவருவார்கள். 1987இல் பெர் பாக், சாவோ டாங், குர்ட் வீசன்ஃபெல்ட் மூவரும் முன்வைத்தது. மணலை ஒவ்வொரு பருக்கையாகப் போட்டுக்கொண்டே போனால் குவியல் தானாகவே ஒரு விளிம்புநிலைக்கு வந்துசேரும்; அதற்குப் பிறகு விழும் எந்தப் பருக்கையும் சின்னச் சரிவையும் உண்டாக்கலாம், மொத்தக் குவியலையும் சரிக்கலாம். பூகம்பம், பங்குச்சந்தை, காட்டுத்தீ, புரட்சி எல்லாவற்றுக்கும் இதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் நிஜ மணலே இதற்கு அவ்வளவாகக் கட்டுப்படவில்லை என்று பரிசோதனைகள் காட்டின. 1996இல் ஓஸ்லோவில் அரிசிக் குவியலை வைத்துச் செய்து பார்த்தபோது நீள அரிசி மாதிரிக்கு இணங்கியது, குண்டரிசி இணங்கவில்லை. பொன்னிக்கும் பாசுமதிக்கும் இடையே இப்படியும் ஒரு தத்துவ வேறுபாடு.

எனக்கு இந்த மாதிரியோடு இருக்கும் பிரச்சினை அரிசி இல்லை. எந்தப் பருக்கையும் காரணமில்லை, குவியலின் நிலைதான் காரணம் என்பது இயற்பியலில் அழகான முடிவு. அமைச்சகத்தின் அறிக்கையில் அதுவே வேறு வேலை செய்கிறது: யாரும் காரணமில்லை. இயற்கைச் சீற்றம். ஆனால் பனிச்சரிவு ஆபத்து என்பது பனி மட்டும் இல்லை. ஆளே இல்லாத பள்ளத்தாக்கில் தினமும் பனி சரிந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பேரில்லை, செய்தியில்லை. சரிவின் பாதையில் ஓர் ஆள் இருக்கும்போதுதான் அது விபத்தாகிறது. அந்த ஆள் அங்கே எப்படி வந்தான் என்பது பனியியலின் கேள்வி இல்லை.

1916 டிசம்பர் 13. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மார்மலாடாவில் கிரான் போஸ் என்ற இடத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் பாசறைமேல் பனி இறங்கியது. சுமார் 270 பேர் செத்தார்கள். அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இத்தாலியப் பீரங்கிக் குண்டு அங்கே எட்டாது என்பதால். குண்டுக்கு மறைவான பள்ளமும் பனி இறங்கும் பாதையும் ஒன்றாக இருந்தன. அங்கிருந்த கேப்டன் பாசறையை மாற்றச் சொல்லி முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் கேட்கவில்லை. போர் ஆட்களை எங்கே நிறுத்துகிறது என்பதற்குப் போரின் கணக்கு ஒன்று, மலையின் கணக்கு ஒன்று. இரண்டும் மோதும்போது எழுத்தில் வெல்வது முன்னது.

சியாச்சினில் இந்தியப் படை ஏறியது 1984 ஏப்ரல் 13. 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை, ஏனென்றால் சண்டைநிறுத்தத்தில் பனி கையெழுத்திடவில்லை. 1984 முதல் 2015 முடிய 869 ராணுவத்தினர் அங்கே இறந்ததாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். காரணம் தட்பவெப்பமும் சூழலும் என்று. எதிர்ப்பக்கம் 2012 ஏப்ரல் 7 அதிகாலை கயாரியில் பாகிஸ்தானியப் படைத்தளம் மொத்தமாகப் புதைந்தது, 140 பேர். அதில் 11 பேர் சிவிலியன்கள். ஒரு குண்டுகூடச் சுடாமல் இரண்டு அரசுகளும் ஒரே எதிரியிடம் ஆட்களைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

சோனத்தில் நடந்தது நான் மேலே விவரித்த பாளச் சரிவு இல்லை, பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. கான்கிரீட் போல இறுகிப்போனதை வெட்டித்தான் தேட வேண்டியிருந்தது. பனியில் புதைந்தவர்களைப் பற்றிய கணக்கு இரக்கமில்லாதது. கால்மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிஷம் ஆனால் மூன்றில் ஒருவர் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டது. அண்மையில் ஸ்விட்சர்லாந்தின் நாற்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் அந்தக் கால்மணியை 10 நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். விட்ட மூச்சே முகத்தைச் சுற்றி உறைந்து ஓடுகட்டிவிடும், அப்புறம் காற்று இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் மீறி லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து, 25 அடிக்கும் கீழிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார். சுற்றிலும் காற்றுக்கு இடம் கிடைத்திருந்தது. பிப்ரவரி 11 டில்லியில் இறந்தார். அந்த மூன்று நாள் நாடே பிரார்த்தனையில் இருந்தது. பிரார்த்தனை செய்கிறவர்களிடம் கேள்வி கேட்பது அசிங்கம் என்ற உணர்வு வெகு வேகமாகப் பரவியதையும் பார்த்தோம். மற்ற ஒன்பது பேரும் அந்த வெளிச்சத்துக்கு வெளியே இருந்தார்கள்.

சிலப்பதிகாரத்தில் இமயத்துக்குப் போன செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் கொண்டுவருகிறான், கனகனும் விசயனும் சுமந்து வருகிறார்கள். மலை அங்கே நமக்கு ஒரு கல்குவாரிதான். இந்தப் பெருமிதம் மேடைகளில் இன்னும் தீரவில்லை. சுமந்தவர்களைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. 2019 நவம்பர் 18 சியாச்சினில் இறந்த ஆறு பேரில் இரண்டு பேர் சிவிலியன் சுமைகூலிகள். 2025 செப்டம்பரில் அங்கே இறந்த மூவரில் இரண்டு பேர் அக்னிவீரர்கள், நான்காண்டு ஒப்பந்தக்காரர்கள். உறைபனிக்கு ஒப்பந்தம் கிடையாது.

*

ஒரு நடைமுறை விஷயம். செங்கல்பட்டிலிருந்து சென்னை வரை நீளும் தொழிற்சாலை, மென்பொருள் வளாகங்களிலிருந்து டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் குல்மார்க்குக்கும் கும்பலாகக் கிளம்புகிறார்கள். நல்லதுதான், போகட்டும். பொழுதுபோக்காகப் போய் மாட்டுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் பனியைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவரோதான் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2023 பிப்ரவரி 1 குல்மார்க்கின் அஃபர்வட் சரிவில் இறந்த இரண்டு போலந்துக்காரர்களும் பனிச்சறுக்கு தெரிந்தவர்கள்தான். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கிய தடம், காலடி ‘வும்’, காலிலிருந்து கிளம்பி ஓடும் விரிசல், ஒரே நாளில் ஓரடி புதுப்பனி, திடீரென்று ஏறும் வெப்பம் – இதில் ஒன்றைப் பார்த்தாலும் 30 பாகைக்கு மேலான சரிவிலும் அதன் அடியிலும் இருக்கக்கூடாது. கடந்தே ஆகவேண்டுமானால் ஒவ்வொருவராக. உடம்பில் கட்டிய சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று. இல்லாவிட்டால் அந்த 10 நிமிஷத்துக்கு அர்த்தமில்லை. எச்சரிக்கை அளவுகோலில் 1 முதல் 5 வரை உண்டு. அதிகம் பேர் சாவது 5இல் இல்லை, 3இல். 5 என்றால் யாரும் போகமாட்டார்கள்.

இயன் மெக்கேமன் என்ற அமெரிக்கர் நூற்றுக்கணக்கான விபத்துகளைப் படித்துவிட்டு, பனியைப் பற்றிய அறியாமையைவிடக் குழுவின் பழக்கங்கள்தான் கொன்றிருக்கின்றன என்று எழுதினார். பழகிய இடம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தலைவருக்குத் தெரியும், மற்றவர்களும் போகிறார்களே, கூட இருப்பவர்கள் முன்னால் கெத்து, இந்த வாய்ப்பு திரும்ப வராது. கட்சிக் கமிட்டிகளில் உட்கார்ந்த அனுபவமுள்ள தோழர்களுக்கு இந்தப் பட்டியலை நான் விளக்க வேண்டியதில்லை.

2019 அக்டோபர் 11 மாலை மோடியும் ஷி ஜின்பிங்கும் அதே வெண்ணெய்ப் பந்தின் முன்னால் கைகோர்த்து உயர்த்தி நின்றார்கள். அந்தப் படத்துக்காக ஊரே துடைத்துக் கழுவப்பட்டது. எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 கல்வானில் 20 இந்திய வீரர்கள் செத்தார்கள், ஒருவர் ராமநாதபுரத்துக்காரர். அந்தக் குளிர்காலம் எல்லையின் இரு பக்கமும் பல்லாயிரம் பேர் புதிதாக மலையில் தங்க வைக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சாலை வேண்டும், சாலைக்குப் பனி வார ஆள் வேண்டும்.

‘சிக்கி’ என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். சிக்குகிறவன் போகிற போக்கில் மாட்டிக்கொண்டவன். வலை தானாக விரிந்தது, மீன் தானாக வந்தது. விரித்த கை வாக்கியத்தில் இல்லை. மணாலியில் 1969இல் பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்றே ராணுவ ஆராய்ச்சித் துறை ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 2020இல் அது இன்னொன்றோடு சேர்க்கப்பட்டுச் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்பு புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. குளிர்காலத்தில் மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறார்கள். 2025 பிப்ரவரி 27 மாலை 5 மணிக்கு, சமோலி உட்பட உத்தராகண்டின் ஐந்து மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலுள்ள பகுதிகளுக்கு 24 மணி நேர எச்சரிக்கை அந்த நிறுவனத்திலிருந்து வந்தது. மறுநாள் காலை சமோலி மாவட்டம் மாணாவுக்கும் பத்ரிநாத்துக்கும் இடையில், 3,000 மீட்டருக்கு மேல், எல்லைச் சாலை அமைப்புக்காகப் பனி வாரும் தொழிலாளர்களின் முகாம்மேல் பனி இறங்கியது. 54 பேர், பெரும்பாலும் பிற மாநிலத்து ஒப்பந்தக் கூலிகள், இரும்புக் கன்டெய்னர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். கன்டெய்னர் உருண்டும் நசுங்காததால் பலர் பிழைத்தார்கள். 46 பேரை உயிரோடு எடுத்தார்கள், 8 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைக்கும் பனிக்கும் நடுவே ஓர் இரவு முழுக்க இருந்தது. முகாம் இருந்த இடத்திலேயே இருந்தது.